போட்டிக்கு அனுப்பாதே என்பவர்களுக்கு

தலைப்புக் கொடுத்து, மூத்த புகைப்படக் கலைஞர்களை நடுவர்களாக வைத்து நடத்தும் போட்டிகளுக்குப் படம் அனுப்புவது வீண் வேலை என்ற எண்ணம், கேமரா பிடிப்பவர்களிடையே இன்று ஏறத்தாழ முடிந்த முடிவாகிவிட்டது. இது சென்னையில் மட்டும் பேசப்படும் பேச்சு இல்லை. ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை வழியாக ஆத்தூர் போகும் சாலையில் ஊருக்கு ஊர் ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கடன் வாங்கியாவது ஃபுல் ஃபிரேம் கேமராவும் நல்ல லென்ஸும் வாங்கி வைத்திருப்பவர்கள் அவர்கள். ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினத்தை ஒட்டியோ, அக்டோபர் முதல் வாரத்தில் வன உயிரின வாரத்தை ஒட்டியோ போட்டி அறிவிப்பு வரும்போது அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை எப்போதும் ஒன்றுதான்: தலைப்பு உன் கற்பனையைக் கட்டிப்போடும்; நடுவர் தன் ரசனைக்கு ஒத்ததைத்தான் எடுப்பார்; பரிசு எப்படியும் பெருநகரத்துக்காரருக்குப் போய்விடும்; பேசாமல் இன்ஸ்டாகிராமில் போடு, மக்கள் தீர்ப்புச் சொல்லட்டும். அக்கறையோடு சொல்லப்படுவதால் இது நல்ல அறிவுரை போலவே தோன்றுகிறது. சிறிய ஊரில் படம் எடுப்பவருக்கு இதைவிடக் கெடுதலான அறிவுரை வேறு இல்லை என்பதே என் வாதம்.

அந்த இளைஞரின் படத்தை இப்போது யார் பார்க்கிறார்கள்? ஆல்பத்தைப் புரட்டும் கல்யாண வீட்டார் படத்தைப் பார்ப்பதில்லை, படத்துக்குள் தங்களைப் பார்க்கிறார்கள். தாய்மாமன் சீர்த் தட்டு முழுதாக வந்திருக்கிறதா, பெரியப்பா கண்ணை மூடிவிட்டாரா, பெண்ணின் நிறம் எடுப்பாக இருக்கிறதா என்பவை அவர்கள் கேள்விகள். அதில் தவறே கிடையாது. காசு கொடுத்தவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு மட்டுமே ஆண்டுக்கணக்காகப் பதில் சொல்லிப் பழகியவருக்கு, தன் படத்தில் இடது ஓரம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது, பின்னணியில் நிற்கும் கம்பம் ஏன் மாப்பிள்ளையின் தலையிலிருந்து முளைத்தது போல் இருக்கிறது என்று கேட்க ஒருவர்கூட வாய்ப்பதில்லை. பத்திரிகையில் வேலை செய்பவருக்கு ஆசிரியர் குழு இருக்கிறது. காட்டுயிர்ப் படங்களின் முன்னோடியான மா. கிருஷ்ணன் எந்தப் போட்டியையும் நம்பி வளர்ந்தவர் இல்லை என்பார்கள். சரிதான். ஆனால் அவர் 1950இல் தொடங்கி 1996இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் தொடர்ந்து பத்தி எழுதியவர். அவர் கண்ணுக்கும் எழுத்துக்கும் எதிரே ஓர் ஆசிரியர் மேசையும், விவரம் தெரிந்த வாசகர் கூட்டமும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. நாமகிரிப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு ஆசிரியர் மேசையும் கிடையாது, கண்காட்சிக் கூடமும் கிடையாது. அவருடைய படம் படமாகவே வாசிக்கப்படும் ஒரே வாசல் போட்டிதான். அந்த ஒரு வாசலையும் சாத்திவிடு என்கிறது இந்த அறிவுரை.

தலைப்பு கற்பனையைக் கட்டும் என்ற குற்றச்சாட்டை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ‘உழைப்பு’ என்று தலைப்பு அறிவிக்கப்படுகிறது. நாமகிரிப்பேட்டையில் இருப்பவருக்கு உடனே மஞ்சள்தான் நினைவுக்கு வரும். வைகாசி, ஆனியில் நட்டது தை, மாசியில் வெட்டுக்கு வருகிறது. வெட்டிய கிழங்கை வேகவைத்து, களத்தில் நாள்கணக்கில் காயவைத்து, டிரம்மில் போட்டுப் பாலிஷ் ஏற்றி, விரலி, உருண்டை, பனங்காலி என்று பிரித்து, மூட்டையாக ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இதில் முதலில் கைக்கு வரும் படம் எல்லோருக்கும் ஒன்றே: வெயிலை எதிரே வைத்து, களத்தில் மஞ்சளை வாரி வீசும் பெண், காற்றில் பொன்னாகப் பறக்கும் தூசி. அல்லது, சுருக்கம் விழுந்த ஒரு பாட்டியின் முகம், கறுப்பு வெள்ளையில். தலைப்பு இல்லாமல் இருந்தால் படமெடுப்பவர் இதோடு திரும்பிவிடுவார், ஏனென்றால் படம் அழகாகத்தான் இருக்கிறது. தலைப்பு இருப்பதால்தான் அடுத்த கேள்வி எழுகிறது. இது உழைப்பா, உழைப்பின் மேல் விழுந்த வெளிச்சமா? அந்தக் கேள்வி அவரைத் திரும்பவும் களத்துக்கு அனுப்புகிறது. கொப்பரையின் இடத்தில் வந்துவிட்ட நீராவிக் கொதிகலனைச் சுற்றி, ஆவியில் மறைந்தும் தெரிந்தும் நடமாடும் ஆட்களை அப்போது பார்க்கிறார். பாலிஷ் டிரம் சுற்றும்போது எழும் தூசிக்கு நடுவே துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்பவரின் கண்ணிமை மயிரில்கூட மஞ்சள் படிந்திருப்பதைப் பார்க்கிறார். கூலியை எண்ணும் கையின் ரேகைக்குள் சாயம் ஏறியிருப்பதைப் பார்க்கிறார். ஏலம் முடியும்வரை தன் மூட்டை மேலேயே உட்கார்ந்திருக்கும் விவசாயியைப் பார்க்கும்போது, விலைக்குக் காத்திருப்பதும் உழைப்பில் சேருமா என்று அவருக்குள் ஒரு கேள்வி எழுமானால், போட்டி தன் வேலையைச் செய்துவிட்டது. பரிசு வருகிறதா இல்லையா என்பது அதற்குப் பிந்திய விஷயம்.

கொடுத்த ஈற்றடிக்கும் கொடுத்த சொல்லுக்கும் வெண்பா கட்டிய காளமேகப் புலவரைத் தமிழர்கள் இன்றும் கொண்டாடுகிறோம். பொருளை வேறொருவர் குறித்துக் கொடுத்ததால் அவர் கற்பனை குறைந்துபோனது என்று யாரும் சொன்னதில்லை. இந்த மரபில் வந்தவர்கள் கேமரா விஷயத்தில் மட்டும் தலைப்பைத் தளையாக நினைப்பது வியப்பாக இருக்கிறது. தலைப்பே இல்லாத சுதந்திரத்தில் என்ன விளைகிறது என்பதற்குச் சமூக ஊடகத்தைத் தவிர வேறு சான்று வேண்டியதில்லை. கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகள் மேலிருந்து, ஆகாய கங்கை அருவி பட்டுத் துணி போல, சூரியன் மறையும் ஏரிக்கரையில் நிழலுருவமாக ஒரு மீனவர். ஆயிரம் பேர் ஆயிரம் சுதந்திரத்தோடு எடுத்த ஒரே படம். கட்டுப்பாடு இல்லாத இடத்தில் மனிதர்கள் புதியதை எடுப்பதில்லை, ஏற்கெனவே பாராட்டுப் பெற்றதைத்தான் திரும்ப எடுக்கிறார்கள். தலைப்பு அந்தப் பழக்கத்தை முறிக்கிறது, கையிருப்பில் உள்ள படம் பெரும்பாலும் தலைப்புக்குப் பொருந்தாமல் போவதால்.

இனி நடுவர். நடுவரின் தீர்ப்பு வெறும் ரசனை, ரசனையில் மேல் கீழ் கிடையாது என்ற வாதம் கேட்பதற்கு ஜனநாயகமாக இருக்கிறது. ஆனால் மஞ்சள் ஏலத்தில் வியாபாரி மூட்டையின் மேற்புறத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை. கையை உள்ளே விட்டு ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்க்கிறார். ஒடித்த இடத்தின் நிறமும் ஒடியும் ஓசையும் காய்ச்சலைச் சொல்லிவிடும். பாலிஷ் மேல்தோலுக்கு மட்டும்தான். இருபது முப்பது ஆண்டு படம் எடுத்த நடுவர் ஒரு படத்தை ஒடித்துப் பார்ப்பதும் இப்படித்தான். படம் எடுத்தவர் எங்கே நின்றார், குனிந்தாரா, இரண்டடி இடது பக்கம் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும், வெளிச்சம் அங்கே இருந்ததா பிறகு கணினியில் ஏற்றப்பட்டதா, கணத்துக்குக் காத்திருந்தாரா அல்லது தொடர்ச்சியாக அமுக்கி அதில் ஒன்றைப் பொறுக்கினாரா என்பதையெல்லாம் அவரால் படத்திலிருந்தே வாசிக்க முடிகிறது. ஏனென்றால் அந்தத் தவறுகள் எல்லாவற்றையும் அவரும் செய்து கடந்திருக்கிறார். விரலியின் இயல்பான நிறம் எலுமிச்சையின் நிறமாக மாறும்வரை எடிட்டிங்கில் ஏற்றப்பட்ட படத்தை அவர் ஒதுக்கும்போது அது ரசனை இல்லை, அறிவு. இரு நடுவர்கள் முதல் பரிசில் வேறுபடலாம். முந்நூறு படத்தில் எந்த இருநூறு தேறாது என்பதில் அவர்கள் பெரும்பாலும் வேறுபட மாட்டார்கள். கற்றுக்கொள்ள வந்தவருக்கு முதல் பரிசைவிட அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம்.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்படும் ‘மக்கள் தீர்ப்பு’ எப்படிப்பட்டது? உள்ளங்கையளவு திரையில், கட்டைவிரல் நகரும் வேகத்தில், படம் கண்ணில் படும் நேரம் ஒரு விநாடியோ இரண்டோ. அந்த நேரத்தில் பிடிபடுவது உரத்த நிறமும் தெரிந்த முகமும்தான். நுணுக்கமாக எடுக்கப்பட்ட படம் அங்கே மோசமான படத்திடம் தோற்பதற்காகவே பிறந்தது. லைக் எண்ணிப் பரிசு தரும் போட்டி என்றால் உறவினர் எண்ணிக்கையும் நண்பர் வட்டமும்தான் தரம். 2024இல் நடந்த ஒன்றைப் பாருங்கள். ‘1839 விருதுகள்’ என்ற போட்டியில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர், தலை தெரியாதபடி கழுத்தை வளைத்து நின்ற ஒரு பூநாரையின் படத்தை அனுப்பினார். அது கேமராவில் எடுத்த உண்மையான படம். நடுவர்கள் அதற்கு மூன்றாம் இடம் தந்தார்கள். மக்கள் வாக்கில் அது முதலிடமே பெற்றது. அவர் உண்மையைச் சொன்னதும் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. நடுவர்கள் ஏமாந்ததை மட்டும் எடுத்துச் சொல்பவர்கள், மக்கள் வாக்கு அதைவிட அதிகமாக ஏமாந்ததைச் சேர்த்துச் சொல்வதில்லை.

எதிர்த்தரப்பில் வலுவான வாதமும் ஒன்று உண்டு. போட்டிகள் ஒரே மாதிரிப் படங்களின் ஆலையாகிவிட்டன என்கிறார்கள். இதில் பெரிய அளவு உண்மை இருக்கிறது. 1953இல் தொடங்கப்பட்ட இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பும், அது இணைந்திருக்கும் ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பும் அங்கீகரிக்கும் சலோன் போட்டிகளில் இத்தனை படம் ஏற்கப்பட்டால் இந்தப் பட்டம் என்ற ஏணி இருக்கிறது. பெயருக்குப் பின்னால் எழுத்துகள் சேர வேண்டும் என்பதற்காக ஏற்கப்பட்ட படங்களின் சாயலிலேயே படம் எடுப்பவர்கள் உருவாகிறார்கள். குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேடமிட்டவரைச் சுற்றிக் கேமராக்கள் வளையமிட்டு நிற்பதும், கூவாகத்தில் தாலியறுக்கும் நேரத்தில் அழுகிற முகத்துக்கு ஒரு முழம் அருகே லென்ஸ் நீள்வதும் அந்த ஏணியின் விளைவுகளில் சேரும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைப்பு ‘பக்தி’ என்றோ ‘திருவிழா’ என்றோதான் சொன்னது. சென்ற ஆண்டு வென்ற படத்தைப் போல் எடுத்து வா என்று சொல்லவில்லை. முந்திய பரிசுப் படத்தை விடையாக மனப்பாடம் செய்துகொண்டு போனவர்கள் போட்டியாளர்கள். அதற்கும் இடம் கொடுத்த நடுவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்றால், வேண்டியது மேலான நடுவர்கள். அதே சலோன் உலகத்திலிருந்துதான் டி.என்.ஏ. பெருமாளும் வந்தார். தமிழ்நாட்டில் பிறந்து, பெங்களூருவில் வாழ்ந்து, ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்தவரிடம் பயின்று, ஃபியாப்பின் மாஸ்டர் பட்டம்வரை போனவர், 2017இல் மறைந்தார். இயற்கைப் பிரிவுக்கு அந்தப் போட்டிகள் வைத்த கடுமையான விதிகளை நினைத்துப் பாருங்கள்: மனிதர் கைபட்டது தெரியக்கூடாது, படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. ஃபிலிம் காலத்தில் அந்த விதிகளுக்குள் நின்று பறவைக்கும் விலங்குக்கும் காத்திருந்தவர்களிடம்தான் அடுத்த தலைமுறை பொறுமையைக் கற்றது.

துபாயில் நடக்கும் ஹிபா போட்டியின் 2019ஆம் ஆண்டு நிகழ்வையும் இந்த வாதத்துக்குத் துணையாகக் கொண்டுவருவார்கள். தலைப்பு ‘நம்பிக்கை’. 1,20,000 டாலர் பெரும் பரிசு, குழந்தையை அணைத்திருக்கும் ஒரு வியட்நாம் தாயின் படத்துக்குப் போனது. எடுத்தவர் மலேசியாவின் எட்வின் ஓங். பிறகு வெளியான இன்னொரு படத்தில், அந்தத் தாயின் எதிரே பல கேமராக்கள் நெருங்கி நிற்பது தெரிந்தது. தற்செயலாக அமைந்த காட்சி என்று அவர் விளக்கினார், போட்டி விதியும் மீறப்படவில்லை. ஆனாலும் உலகம் முழுக்கப் புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். நம்பிக்கை என்றால் ஏழைத் தாயின் முகம் என்று தலைப்பு சொல்லவில்லை. அப்படி வாசித்தது படமெடுத்தவர், ஒப்புக்கொண்டது நடுவர் குழு. அந்தத் தீர்ப்பு குறையுள்ளது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அப்படி ஒரு விவாதம் நடக்க முடிந்ததற்குக் காரணம் என்ன? தலைப்பு எழுத்தில் இருந்தது, நடுவர் குழு ஒன்று இருந்தது, பரிசுப் படம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. எனவே கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. அதே வகையான வறுமைப் படங்கள் தினமும் ஆயிரக்கணக்கில் இதயக் குறிகளை வாங்கிக்கொண்டு போகின்றன. அங்கே யார் யாரிடம் விளக்கம் கேட்பது?

ஏமாற்று வேலைகளைப் பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009இல் வென்றது, வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம். அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற முடிவுக்கு வந்து, 2010 ஜனவரியில் பட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். இரவில் கறையான் புற்றை நெருங்கும் எறும்புதின்னி என்று பரிசு பெற்ற இன்னொரு படத்தை, பிரேசில் தேசியப் பூங்கா ஒன்றின் நுழைவிடத்தில் வைத்திருந்த பஞ்சடைத்த உருவத்தோடு விலங்கியல் அறிஞர்கள் ஐந்து பேர் ஒப்பிட்டார்கள். 2018இல் அந்தப் பரிசும் பறிக்கப்பட்டது. உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டி 2015இல், இறுதிக்கு முந்திய சுற்றுவரை வந்த படங்களில் 20 சதவீதத்தை, மூலக் கோப்போடு ஒப்பிட்டுத் திருத்தல் வேலையைக் கண்டுபிடித்து வெளியே தள்ளியது. 2023இல் சோனி போட்டியின் ஒரு பிரிவில் போரிஸ் எல்டாக்சன் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படம் வென்றது. அவரே பரிசை மறுத்து, இதை நீங்கள் கண்டுகொள்ளவில்லையே என்று கேட்டார். நடுவர்கள் கண்ணிலும் மண் விழும் என்பதற்கு இவை சான்றுகள்தான். மண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கும் ஏற்பாடு போட்டிகளில்தான் இருக்கிறது என்பதற்கும் இவையே சான்றுகள். ரா ஃபைலைக் கொடு என்று கேட்கும் அதிகாரம் உலகத்தில் வேறு எந்தப் பார்வையாளருக்கு இருக்கிறது?

பெருநகரத்துக்காரருக்குத்தான் பரிசு என்ற மனக்குறை எனக்குப் புரிகிறது. பயணச் செலவும் லென்ஸ் விலையும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஆனால் நல்ல போட்டிகளில் நடுவருக்குப் படம் மட்டுமே காட்டப்படுகிறது, பெயரும் ஊரும் மறைக்கப்படுகின்றன. ஓர் ஊர்க்காரனின் படம் ஊர்ப் பெயர் ஒட்டாமல் மதிக்கப்படும் இடம் அதைப்போல் வேறு எனக்குத் தெரியவில்லை. லண்டன் போட்டியில் 2021இல் பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் வென்ற பெங்களூருச் சிறுவன் வித்யுன் ஹெப்பார் எடுத்தது எதை? உள்ளூரில் ஒரு சுவரின் பொந்தில் வலை கட்டியிருந்த ஒரு சிலந்தியை. பின்னால் தெருவில் போன ஆட்டோ ரிக்‌ஷாவின் நிறங்கள்தான் அந்த வலைக்குப் பின்னணியாக அமைந்தன. 2023இல் அதே போட்டியில் ஸ்ரீராம் முரளியின் படம் வென்றது ஆனைமலைக் காட்டின் மின்மினிகளுக்காக: 19 விநாடி வீதம் 50 படங்கள், 16 நிமிட இருளின் மின்னல்கள் முழுவதும் ஒரே படத்தில். ஆப்பிரிக்கா போன காசு இந்த இரண்டிலும் இல்லை. இந்த வட்டாரத்துக்கும் போட்டிக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. 1855இல் சென்னையில் நடந்த பெரும் பொருட்காட்சியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி வைத்த கோயில் படங்களைக் காகிதப் படத் தொடர்களில் சிறந்ததென்று நடுவர் குழு தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டே அவர் பர்மா தூதுக்குழுவோடு படமெடுக்க அனுப்பப்பட்டார்; பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். 1858இல் வெளியான அவரது தொகுதிகளில் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கத்தோடு ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் இருக்கின்றன. நாமகிரிப்பேட்டையும் 1997இல் நாமக்கல் மாவட்டம் பிரியும்வரை அதே சேலம் மாவட்டம்தான். நம் மாவட்டத்தின் மிகப் பழைய படங்களில் சிலவற்றை நமக்கு விட்டுச்சென்றவர் ஒரு நடுவர் குழுவின் முன்னால் தன் படத்தை வைக்கத் தயங்காதவர்.

ஆழமான பணி போட்டிக்குள் அடங்காது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களையும் அவர்கள் சாவையும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பதிவுசெய்த எம். பழனிக்குமாரின் படங்களை எந்தத் தலைப்பும் உண்டாக்கவில்லை, கோபமும் நெருக்கமும்தான் உண்டாக்கின. தனிப்படப் போட்டியில் அந்தப் பணியின் கனம் ஏறாது. ஆனால் அவருடைய பணியும் படத்தை வாசிக்கத் தெரிந்தவர்களிடம்தான் போய்ச் சேர்ந்தது: 2022இல் முதல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை அவர் பெற்றார். தனிப்படப் போட்டி ஒரு நீண்ட பணிக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. ஒரே படத்தில் ஒரு கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்லத் தெரியாதவர் முப்பது படத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிட முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

எதிர்த்தரப்பில் நான் முழுமனதாக ஒத்துப்போகும் குறை ஒன்று இருக்கிறது, அது உரிமையைப் பற்றியது. பரிசு நான்கு பேருக்கு, படம் ஆயிரம் பேரிடமிருந்து, அத்தனை படத்துக்கும் நிரந்தர உரிமை எங்களுக்கே என்று விதியின் அடியில் சிறு எழுத்தில் போடும் போட்டிகள் உண்டு. காலண்டருக்கும் விளம்பரத்துக்கும் செலவில்லாமல் படம் திரட்டும் வழி அது. அவற்றுக்கு ஒரு படமும் போகக் கூடாது. சட்டம் இதில் படமெடுத்தவர் பக்கம்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி வாங்கிக்கொண்டு பிறருக்காகவோ வேலை பார்க்கும் இடத்துக்காகவோ எடுக்காத படத்தின் முதல் உரிமையாளர் அதை எடுத்தவரே. 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை அவர் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்கிறது 19ஆம் பிரிவு. படம் கொடுப்பதிலேயே கண்ணியமான வழியும் இருக்கிறது. 2011 நவம்பரிலிருந்து 2012 பிப்ரவரி வரை தமிழ் விக்கிப்பீடியா நடத்திய ஊடகப் போட்டிக்குப் படம் தந்தவர்கள், எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு, தெரிந்தே, தங்கள் பெயரோடு தந்தார்கள். ஆகவே விதியைப் படிக்காமல் அனுப்பாதே என்பது நல்ல அறிவுரை. அனுப்பவே அனுப்பாதே என்பது, கலப்படக் கடை ஒன்று இருப்பதால் சமையலையே நிறுத்தச் சொல்வதாகும்.

எந்தப் போட்டிக்கு அனுப்புவது என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. நடுவர்களின் பெயர் முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறதா, அவர்கள் எடுத்த படங்களைத் தேடிப் பார்க்க முடிகிறதா, போட்டியாளர் பெயர் மறைக்கப்படுகிறதா, மூலக் கோப்பு கேட்கப்படுகிறதா என்று பார்த்தால் பெரும்பாலான வணிகப் போட்டிகள் அங்கேயே கழிந்துவிடும். மிச்சமிருப்பவற்றுக்கு அனுப்பும் வேலையில் மிகவும் கடினமானது படம் எடுப்பது இல்லை, பொறுக்குவது. போதமலையை எடுத்துக்கொள்வோம். சாலை இல்லாமல், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாக ஏற்ற வேண்டியிருந்த மலை அது. பெட்டியோடு வரிசையாக ஏறும் ஆட்களின் படம் ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் வந்தது. ‘பாதை’ என்று தலைப்பு அறிவிக்கப்பட்டால் அடிவாரத்திலிருக்கும் நாமகிரிப்பேட்டைக்காரர் கணினியில் நூறு போதமலைப் படம் இருக்கலாம். அவற்றில் ஒன்றுதான் போக முடியும் என்றால், செய்தித்தாளில் வந்துவிட்ட அந்த வரிசைப் படத்தை அவர் முதலில் நீக்க வேண்டும். பிறகு அழகுக்காக மட்டும் நிற்கும் மூடுபனிப் படத்தை நீக்க வேண்டும். பிறகு தனக்கு மட்டும் பொருள் தரும் படத்தை, அதை எடுக்க எவ்வளவு ஏறினோம் என்ற நினைவால் மட்டும் நன்றாகத் தோன்றும் படத்தை, மனமில்லாமல் நீக்க வேண்டும். இந்தக் கடைசி நீக்கலைச் செய்ய எந்த வாடிக்கையாளரும் எந்த லைக்கும் அவரைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. எதிரே தனக்குத் தெரியாத, தன்னைவிட அதிகம் பார்த்த ஒரு கண் இருக்கிறது என்ற எண்ணம் மட்டுமே கட்டாயப்படுத்தும்.

ஆகவே நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் ஆகஸ்ட் தோறும் போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. நடுவர்களின் பெயரை அறிவிப்பிலேயே போடுங்கள். அரசியல் பிரமுகரை மேடையில் வைத்துக்கொள்ளுங்கள், நடுவர் நாற்காலியில் வைக்காதீர்கள். வென்ற மூன்று படத்தோடு நிறுத்தாமல், தோற்ற படங்களில் இருபதையாவது திரையில் போட்டு, ஏன் தேறவில்லை என்று நடுவரைப் பேசச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்குச் சான்றிதழும் பொன்னாடையும் கொடுத்து முடிப்பதைவிட அந்த ஒரு மணி நேரம் பயனுள்ளது. படத்தின் உரிமை எடுத்தவருக்கே என்று விதியின் முதல் வரியில் எழுதுங்கள். படம் எடுப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த அறிவிப்பு வந்ததும் தலைப்பைப் படியுங்கள், அன்றைக்கே கணினியைத் திறந்து பழைய படத்தில் பொருத்தம் தேடாதீர்கள்.